டேப்பர் பைப் மரை ஒழுகாமல் போடுவது எப்படி? கடலூர், புதுச்சேரி பட்டறைகளுக்கான கேள்வி பதில்

மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு லேத் பட்டறைகளிலும் கடலூர் சிப்காட் பக்கத்து பராமரிப்பு வேலைகளிலும் அடிக்கடி எழும் கேள்விகள் இங்கே உள்ளன. அளவுகள் மில்லிமீட்டரில். பைப் சைஸ் மட்டும் நாம் வாயால் சொல்கிறபடி இஞ்சில்.

டேப்பர் மரை எப்படி அடைக்கிறது? நன்றாக முறுக்கியும் டெஃப்லான் இல்லாமல் ஏன் ஒழுகுகிறது?

டேப்பர் மரை என்றால் முனையில் சிறுத்து உள்ளே போகப் போகப் பெருக்கும் சரிவு மரை. விட்டத்தில் 16-க்கு 1 சரிவு. 16 மி.மீ. உள்ளே போனால் விட்டம் 1 மி.மீ. கூடும். ஆண் மரை பெண் மரைக்குள் போகப் போக மரையின் பக்கச் சரிவுகள் ஒன்றோடொன்று இறுகி, இரும்பு இரும்பை அழுத்துகிறது. அடைப்பில் பெரும்பகுதி இந்த அழுத்தத்தால்தான்.

ஆனால் ஒரு மரையின் உச்சிக்கும் எதிர் மரையின் அடிக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி மிஞ்சும். அது மரையோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி உள்ளிருந்து வெளியே வரும் ஒரு வழி. டேப், பேஸ்ட், நூல் எல்லாம் அந்த வழியை அடைக்கத்தான். பக்கச் சரிவு சரியாக உட்காராத மரைக்கு எத்தனை சுற்று டேப் போட்டாலும் அது சில நாள் தாங்கும், பிறகு சொட்டும். உச்சியும் அடியும் நசுங்கி தானே அடைக்கிற என்பிடிஎஃப் என்று ஒரு வகை உண்டு. நம் ஊர் தண்ணீர், காற்று லைன் வேலையில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் டேப்பர் பைப் மரை), என்பிடி (அமெரிக்க டேப்பர் பைப் மரை) எப்படிக் கண்டுபிடிப்பது? அரை இஞ்ச்சில் இரண்டும் ஏறுகிறதே?

ஏறும், அதுதான் ஆபத்து. அரை, முக்கால் இஞ்ச் இரண்டிலும் பிஎஸ்பிடி, என்பிடி இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரை. அரை இஞ்ச்சில் கேஜ் தளத்தில் (அளவு பார்க்கும் இடம், கீழே சொல்கிறோம்) பிட்ச் விட்டம் (மரையின் உச்சிக்கும் அடிக்கும் நடுவிலான விட்டம்) பிஎஸ்பிடிக்கு 19.79, என்பிடிக்கு 19.77. கையால் முறுக்கினால் ஒழுங்காக ஏறி இறுகும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பிஎஸ்பிடி மரையின் கோணம் 55 டிகிரி, என்பிடியின் கோணம் 60. பக்கச் சரிவுகள் முழுதாகத் தொடாமல் ஓர் ஓரத்தில் மட்டும் கோடு போலத் தொடும். அழுத்தம் வந்ததும் கசியும்.

மற்ற சைஸ்களில் மரை எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். கால் இஞ்ச்சில் பிஎஸ்பிடி 19, என்பிடி 18. ஒரு இஞ்ச்சில் பிஎஸ்பிடி 11, என்பிடி 11½. ஒரு இஞ்ச்சில் இரண்டையும் கலந்தால் சில சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும், அது நல்லதுதான். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 55, 60 இரண்டு இலைகளும் உள்ள பிட்ச் கேஜை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். உச்சியும் அடியும் உருண்டையாக இருந்தால் பிஎஸ்பிடி, தட்டையாக இருந்தால் என்பிடி. தேய்ந்த பழைய மரையில் இந்த வித்தியாசம் தெரியாது.

இந்தியத் தரமான ஐஎஸ் 554, பிஎஸ்பிடி வகையைத்தான் சொல்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் ஜிஐ ஃபிட்டிங் பெரும்பாலும் அதுதான். அமெரிக்க வழி வந்த பிரஷர் டிரான்ஸ்மிட்டர், கம்ப்ரசர், வால்வுகளில் என்பிடி இருக்கும். பழுதுக்கு வந்த பொருளின் மேல் பொறித்த எழுத்தைப் படிக்காமல் மாற்று நிப்பிள் கடையத் தொடங்காதீர்கள்.

மரை சரியான சைஸில் வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கேஜ் தளம் என்று ஒன்று உண்டு. மரையின் முனையிலிருந்து குறிப்பிட்ட தூரம் உள்ளே வந்தால் அந்த இடத்தில் வெளிவிட்டம் இத்தனை இருக்க வேண்டும் என்பது கணக்கு. பிஎஸ்பிடிக்கு அதிகம் தேவைப்படும் சைஸ்கள்:

கால் இஞ்ச்: விட்டம் 13.157, முனையிலிருந்து 6.0 மி.மீ.யில்
அரை இஞ்ச்: 20.955, 8.2-ல்
முக்கால் இஞ்ச்: 26.441, 9.5-ல்
ஒரு இஞ்ச்: 33.249, 10.4-ல்
இரண்டு இஞ்ச்: 59.614, 15.9-ல்

இதில் மனதில் நிற்க வேண்டியது ஒன்றுதான். விட்டத்தில் 0.1 மி.மீ. தவறினால் மரை 1.6 மி.மீ. முன்னே பின்னே நகர்ந்துவிடும். அரை இஞ்ச்சில் ஒரு சுற்றுக்கு விட்டம் 0.113 மாறுகிறது. தரம் ஆண் மரைக்குத் தரும் சலுகை இந்த சைஸில் ±1.8 மி.மீ., அதாவது கூடக்குறைய ஒரு சுற்று. நேர் மரையில் 0.1 மி.மீ.யைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத டர்னர் இங்கே மாட்டிக்கொள்வார்.

வெர்னியரால் உச்சியை மட்டும் அளந்தால் போதாது. உச்சி சரியாக இருந்து பக்கச் சரிவு ஆழமாகப் போயிருக்கலாம். ரிங் கேஜ்தான் (உள்ளே சரியான அளவில் மரை வெட்டிய வளையம்) சரியான வழி. கையால் இறுக ஏற்றி, மரையின் முனை கேஜின் படிகளுக்கு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். கேஜ் இல்லாதவர்கள் நல்ல ஃபிட்டிங் ஒன்றை ஏற்றிப் பார்ப்பது வழக்கம். அரை இஞ்ச்சில் கையால் சுமார் 4½ சுற்று ஏறி இறுக வேண்டும். ஆனால் அந்த ஃபிட்டிங்கும் தன் சலுகையின் எந்த ஓரத்தில் இருக்கிறதோ தெரியாது. பெண் மரைக்கு 1¼ சுற்று சலுகை உண்டு. ஆகவே ஒரே ஃபிட்டிங்கை நம்பி நூறு நிப்பிள் போட்டு அனுப்புவது நியாயமில்லை. நீங்கள் வழக்கமாகப் போடும் சைஸுக்காவது ஒரு ரிங் கேஜ் வாங்கிவிடுங்கள்.

சாதா லேத்தில் டேப்பரை எப்படி செட் செய்வது? டாப் ஸ்லைடை சாய்த்தால் போதுமா?

டாப் ஸ்லைடை சாய்த்து சரிவு கடையலாம், மரை போட முடியாது. லீட் ஸ்க்ரூ நகர்த்துவது கேரேஜை. டாப் ஸ்லைடு அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். டேப்பர் அட்டாச்மென்ட் (கேரேஜ் நகரும்போதே டூலைச் சரிவாக நகர்த்தும் துணைக்கருவி) வேண்டும், அல்லது இரண்டு சென்டருக்கு நடுவில் பிடிக்கும் வேலைக்கு டெயில்ஸ்டாக்கை நகர்த்த வேண்டும்.

அட்டாச்மென்ட்டில் வைக்க வேண்டிய கோணம் 1 டிகிரி 47 நிமிடம். இது அரைக் கோணம். முழுக் கோணமான 3 டிகிரி 35 நிமிடத்தை வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அட்டாச்மென்ட்டின் அளவுகோட்டை அப்படியே நம்ப வேண்டாம். சக்கில் நேரான டெஸ்ட் பாரைப் பிடித்து, கிராஸ் ஸ்லைடில் டயல் வைத்து, கேரேஜை 50 மி.மீ. நகர்த்துங்கள். டயல் 1.56 காட்டினால் சரி. 3.12 காட்டினால் முழுக் கோணம் வைத்திருக்கிறீர்கள்.

டெயில்ஸ்டாக் நகர்த்தல் என்றால் கணக்கு எளிது: இரண்டு சென்டருக்கு நடுவில் வேலையின் மொத்த நீளத்தை 32-ஆல் வகுங்கள். 160 மி.மீ. நீளத்துக்கு 5 மி.மீ. மரையின் நீளத்தை வகுத்துவிட்டு டேப்பரே வரவில்லை என்று மெஷினைக் குறை சொல்பவர்கள் உண்டு.

அட்டாச்மென்ட்டில் லூஸ் இருக்கும். ஒவ்வொரு பாஸிலும் டூலை வேலையின் முனைக்கு 10, 15 மி.மீ. முன்னாலிருந்தே தொடங்குங்கள். லூஸ் எடுபட்ட பிறகு டூல் இரும்பைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் முதல் இரண்டு மரை நேராகவும் மீதி சரிவாகவும் வரும். ஃபிட்டிங் முதலில் மாட்டுவது அந்த இரண்டு மரையில்தான். 14, 19 போன்ற எண்களுக்கு சேசிங் டயலில் எந்தக் கோட்டில் ஹாஃப் நட் (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு இணைப்பது) போடுவது என்ற குழப்பம் வந்தால், ஹாஃப் நட்டைத் திறக்காமல் டூலை வெளியே இழுத்து ஸ்பிண்டிலை ரிவர்ஸ் ஓட்டுங்கள். மெட்ரிக் லீட் ஸ்க்ரூ உள்ள லேத்தில் அது ஒன்றே வழி.

டூலை சரிவுக்கு நேர்செங்குத்தாக வைப்பதா, வேலையின் அச்சுக்கா?

அச்சுக்கு. பிஎஸ்பிடி, என்பிடி இரண்டிலும் மரையின் நடுக்கோடு பைப்பின் அச்சுக்கு செங்குத்து. சென்டர் கேஜைக் (டூலை நேராக வைக்க உதவும் தகடு) கடைந்த சரிவின் மேல் வைத்து டூலைப் பார்த்தால் மரை 1.8 டிகிரி சாய்ந்துவிடும். ஒரு பக்கச் சரிவு 27½-க்குப் பதில் 29.3, மற்றது 25.7. இறுக்கும்போது ஒரு பக்கம்தான் தொடும். கேஜை வேலையின் நேரான பகுதியில் வைத்துப் பாருங்கள். டெயில்ஸ்டாக் நகர்த்திய வேலையில் வேலையே சாய்ந்து நிற்பதால், அங்கும் வேலையின் நேர் பகுதியையே ஆதாரமாகக் கொள்ளுங்கள், பெட்டை அல்ல.

டூல் முனை சரியாக சென்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மேலோ கீழோ போனால் சரிவு நேர்கோடாக வராமல் லேசாக வளையும்.

சிஎன்சியில் ஜி76 (மரை வெட்டும் கட்டளை) போட்டால் டேப்பர் தவறாக வருகிறது. ஏன்?

பெரும்பாலும் ஆர் மதிப்புதான் காரணம். ஆர் என்பது ஆரத்தில் உள்ள வித்தியாசம், டூல் நகரும் மொத்த தூரத்துக்கும் சேர்த்து. அதில் வேலைக்கு முன்னால் விடும் தூரமும் அடங்கும்.

அரை இஞ்ச் பிஎஸ்பிடி ஆண் மரையை எடுத்துக்கொள்வோம். தொடக்கம் இசட் 5, முடிவு இசட் -15. நகர்வு 20 மி.மீ., ஆர் = 20 வகுத்தல் 32 = 0.625. வெளி மரையில் தொடக்கம் சிறியது என்பதால் மைனஸ். உள் மரையில் பிளஸ். முடிவுப் புள்ளியில் அடிவிட்டம்: கேஜ் தளத்தில் 18.631, அங்கிருந்து 6.8 மி.மீ. மேலும் போகிறோம், 6.8-ஐ 16-ஆல் வகுத்தால் 0.425. ஆக எக்ஸ் 19.056. ஃபேனக் கன்ட்ரோலில் இப்படி எழுதலாம்:

ஜி0 எக்ஸ்25. இசட்5.
ஜி76 பி021055 க்யூ50 ஆர்0.03
ஜி76 எக்ஸ்19.056 இசட்-15. ஆர்-0.625 பி1162 க்யூ300 எஃப்1.8143

முதல் வரியில் நடுவில் உள்ள 10, டூல் கடைசி ஒரு பிட்ச் தூரத்தில் சாய்வாக வெளியேற. ஆகவே முழு ஆழ மரை 13.2 மி.மீ. வரை கிடைக்கும். அரை இஞ்ச்சுக்குத் தேவையான பயனுள்ள நீளமும் அதுவே: கையால் ஏறும் 8.2, ரிஞ்ச்சால் இறுக்க 5.0.

15-ஐ மட்டும் 32-ஆல் வகுத்து ஆர் -0.469 என்று கொடுத்தால் சரிவு 16-க்கு 1 வராது, 21-க்கு 1 ஆகிவிடும். ரிங் கேஜை ஏற்றினால் முனையில் மட்டும் பிடித்து, உள்பக்கம் ஆடும். கையால் கேஜை லேசாக அசைத்தாலே இது தெரிந்துவிடும்.

மரைக்கு முன் பிளாங்கையும் சரிவாகக் கடையுங்கள்: முனையில் 20.44, இசட் -15-ல் 21.38. முனையில் 18 மி.மீ. வரை சாம்ஃபர்.

எந்த இன்சர்ட் வாங்குவது?

முழு வடிவ இன்சர்ட், 14 பிஎஸ்பிடி, 11 பிஎஸ்பிடி என்று அந்தந்த எண்ணுக்கே உரியது. பொதுவான 55 டிகிரி வி இன்சர்ட் எல்லா பிட்ச்சுக்கும் ஓடும். அதற்காக அதன் மூக்கு மிகச் சிறிய பிட்ச்சுக்கு ஏற்ற கூர்மையில் இருக்கும். 14 மரைக்கு அடியில் 0.249 ஆரம் வர வேண்டும். கூர்மையான மூக்கு அங்கே ஆழமான பள்ளம் விட்டுவிடும். உச்சியையும் அது உருட்டித் தராது. ஒழுகும் சுற்று வழியை நாமே அகலப்படுத்துகிற வேலை அது. ஒரே ஒரு பீஸ் அவசர வேலைக்கு வி இன்சர்ட் சரி, தொடர் உற்பத்திக்கு வேண்டாம்.

உள் மரைக்கு எத்தனை மி.மீ. டிரில் போடுவது?

அரை இஞ்ச் பிஎஸ்பிடிக்கு வாயில் அடிவிட்டம் 18.631. 13 மி.மீ. ஆழத்தில் அது 17.82 ஆகக் குறைகிறது. டேப்பர் ரீமர் இல்லாமல் நேரடியாக டேப் (இங்கே உள் மரை வெட்டும் கருவி, சுற்றும் டெஃப்லான் டேப் அல்ல) போடுவதென்றால் 18 மி.மீ. டிரில். ரீமர் போடுவதென்றால் இன்னும் அரை மி.மீ. சிறியது. என்பிடிக்கு அரை இஞ்ச்சில் 23/32, கால் இஞ்ச்சில் 7/16 இஞ்ச் டிரில்.

நேர் டேப்பில் முன்பக்கம் மட்டும் வெட்டும். பைப் டேப்பில் உள்ளே போன நீளம் முழுதும் வெட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆழம் கூடக் கூட பாரம் ஏறும். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் பின்னால் திருப்பி பிசிறை உடையுங்கள், எண்ணெய் தாராளமாக விடுங்கள். எங்கே நிறுத்துவது என்பதுதான் முக்கியம். கடைசி இரண்டு சுற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, டேப்பை எடுத்து, பிளக் கேஜால் பாருங்கள். ஃபிட்டிங் கையாலேயே கடைசி வரை உள்ளே போய்விட்டால் அந்தத் துளை போனதுதான். அதைத் திருத்த வழியில்லை; அடுத்த சைஸுக்கு ஏற்றி ரெடியூசர் போட வேண்டியிருக்கும்.

சைட்டில் டை செட் வைத்து ஜிஐ பைப்புக்கு மரை போடும்போது எங்கே தவறு நடக்கிறது?

நாலு டை துண்டுகளிலும் 1 முதல் 4 வரை எண் இருக்கும். அந்தந்த எண் உள்ள பள்ளத்தில்தான் அது உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் மரை கிழிந்து தூள் தூளாக வரும். பைப்பைக் கட்டரால் வெட்டிய பின் உள்ளே மடங்கிய விளிம்பை ரீமரால் எடுங்கள். எடுக்காவிட்டால் மோட்டார் கொடுக்கும் தண்ணீர் அங்கேயே தடைபடும்.

பைப்பின் முனை டையின் வெளி முகத்தோடு சமமாக வந்தவுடன் நிறுத்துங்கள். இன்னும் நாலு சுற்று போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டுவது பிளம்பர்களிடம் உள்ள பழக்கம். டை துண்டின் அகலம்தான் டேப்பரின் நீளம். அதைத் தாண்டினால் முனையில் சரிவில்லாத சிறிய மரை வரும். ஃபிட்டிங் சுலபமாக ஏறும், இறுகாது.

பைப்பின் கிளாஸும் பார்க்க வேண்டும். அரை இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 21.3. மஞ்சள் பட்டை போட்ட ஏ கிளாஸில் சுவர் 2.0 மி.மீ. மரை வெட்டிய பின் முனையில் மிஞ்சுவது 0.4 மி.மீ.தான். நீலப் பட்டை பி கிளாஸில் 2.6, மிஞ்சுவது 1.0. மரை போடும் வேலைக்கு பி கிளாஸுக்குக் குறைந்து வாங்காதீர்கள். போர்வெல் பைப் என்றால் சிவப்புப் பட்டை சி கிளாஸே நல்லது.

கடற்கரையை ஒட்டிய ஊரில் இன்னொன்று. மரை போடும்போது துத்தநாகப் பூச்சு வெட்டுப்பட்டு வெறும் இரும்பு தெரியும். கடலூர் துறைமுகப் பக்கம் அல்லது புதுச்சேரி கடற்கரைப் பக்கம் மாடியில் ஓடும் பைப்பில் துரு முதலில் பிடிப்பது இந்த இடத்தில்தான். இறுக்கி முடித்ததும் ஃபிட்டிங்குக்கு வெளியே மிஞ்சிய மரையில் ஜிங்க் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

டெஃப்லான் டேப், நூலும் பெயிண்ட்டும், லாக்டைட்: எதை எப்போது?

தண்ணீர், காற்று லைனுக்கு டேப் போதும். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். அரை இஞ்ச்சுக்கு மெல்லிய டேப் மூன்று சுற்று. முதல் மரையை வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் நைந்த துண்டு லைனுக்குள் போகும். ஹைட்ராலிக் லைனில் டேப்பே வேண்டாம்; ஒரு சின்ன துண்டு வால்வில் சிக்கினால் போதும். நூலும் பெயிண்ட்டும் தேய்ந்த பெரிய மரைக்கு இன்றும் கைகொடுக்கும். குடிநீர் லைனில் ஈயம் கலந்த வெள்ளை பேஸ்ட்டைத் தொடவே கூடாது.

லாக்டைட் 577 போன்ற அனரோபிக் பேஸ்ட், காற்று படாத இடத்தில் உலோகம் தொட்டால் கெட்டியாகும். அதனால் டேப்பையும் அதையும் சேர்த்துப் போடுவதில் பயனில்லை, டேப் உலோகத்தை மறைத்துவிடும். மரையில் எண்ணெய் இருந்தால் பிடிக்காது. ஸ்டெயின்லெஸில் மெதுவாகத்தான் கெட்டியாகும், ஆக்டிவேட்டர் அடித்தால் சீக்கிரம். ஆக்சிஜன் லைனில் இதையும் எண்ணெய் கலந்த எந்தப் பேஸ்ட்டையும் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஸ்டெயின்லெஸ் நிப்பிள் பாதியில் இறுகி நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

இரண்டு உலோகமும் உரசி ஒட்டிக்கொண்டுவிட்டன. இனி வெட்டி எடுப்பதுதான் வழி. அடுத்த முறை மரையின் பிசிறை வயர் பிரஷ் போட்டு எடுங்கள், நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் அல்லது பிடிஎஃப்இ பேஸ்ட் தடவுங்கள், இம்பாக்ட் ரிஞ்ச் இல்லாமல் கையால் மெதுவாக இறுக்குங்கள்.

எத்தனை சுற்று இறுக்குவது? எல்போ திசைக்கு வரவில்லை என்றால்?

கையால் இறுகிய பின் ரிஞ்ச்சில் ஒன்றரை முதல் மூன்று சுற்று. எல்போ தேவையான திசையைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள். திருப்பினால் டேப் மடிந்து வழி திறந்துவிடும். கழற்றி, சுத்தம் செய்து, புது டேப் போட்டு மறுபடி ஏற்றுங்கள்.

பித்தளை, பிளாஸ்டிக் ஃபிட்டிங் பிளந்துவிடுகிறதே?

டேப்பர் ஆண் மரை உள்ளே போகும்போது பெண் மரையை வெளிநோக்கித் தள்ளும். இரும்பு தாங்கும். பிவிசி, சிபிவிசி பெண் மரையில் இரும்பு நிப்பிளை ஏற்றினால் இன்றில்லாவிட்டாலும் வெயிலில் பிளக்கும். பிளாஸ்டிக்கை ஆணாகவும் உலோகத்தைப் பெண்ணாகவும் வையுங்கள், அல்லது பித்தளை இன்சர்ட் உள்ள ஃபிட்டிங் வாங்குங்கள். டேப் சுற்று கூடினாலும் இதே பிளவு வரும்.

நேர் மரையில் டேப்பர் மரையை ஏற்றலாமா?

டேப்பர் ஆண், நேர் பெண்: தண்ணீர் லைனுக்குப் பரவாயில்லை. நேர் ஆண், டேப்பர் பெண்: கூடாது, ஒன்றிரண்டு மரையில்தான் பிடிக்கும். நேர் மரையில் அடைப்பது வாஷர். அது முகத்தோடு முகம் உட்கார வேண்டும்.

ஒழுகினால் காரணத்தை எப்படிப் பிரிப்பது?

கழற்றும் முன் ஃபிட்டிங்குக்கு வெளியே எத்தனை மரை மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுமே மிஞ்சாமல் தோள் வரை போய் முட்டியிருந்தால் ஆண் சிறியது அல்லது பெண் பெரியது. டேப்பைக் கூட்டிப் பயனில்லை. ஆறேழு மரை வெளியே நின்றால் ஆண் பெரியது, அல்லது டேப்பர் கோணம் தவறு. மிஞ்சிய மரை சரியாக இருந்தும் ஒழுகினால் கழற்றிய பின் மரையை வெளிச்சத்தில் பாருங்கள். பக்கச் சரிவு பளபளவென்று தேய்ந்த அடையாளம் சுற்றிலும் இருந்தால் மரை நல்லது, டேப்பில்தான் குறை. பளபளப்பு ஒரு பக்கத்தில் மட்டும் என்றால் டூல் சாய்ந்திருக்கிறது. முதல் இரண்டு மரையில் மட்டும் என்றால் சரிவு குறைவு. பக்கச் சரிவின் ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டும் இருந்தால் 55-ம் 60-ம் கலந்திருக்கிறது.

சோதனையைத் தண்ணீரில் செய்யுங்கள், வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. காற்றில் அந்த அழுத்தம் ஏற்றக் கூடாது. மரை பிடுங்கிக்கொண்டால் நிப்பிள் குண்டு போலப் பாயும். காற்று லைனாக இருந்தால் தண்ணீர் சோதனை முடிந்த பின், குறைந்த அழுத்தத்தில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை பாருங்கள். நுரை மெதுவாக வரும், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நிமிடமாவது நின்று பாருங்கள்.